மயான தியானத்துக்குப் பிணம் இடைஞ்சல்

1

இந்தக் கதை ஒரு மொழிபெயர்ப்புப் பிழையிலிருந்து பிறந்தது. பிழை என்னுடையது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்தாம் பகுதியில் நான் நல்லவனாகத் தெரிய முயல்வேன். அப்போது நீங்கள் ஏமாந்துவிடக் கூடாது.

தொடக்கத்தை இப்படி எழுதியிருந்தேன்:

உத்திரமேரூரிலிருந்து சாலவாக்கம் போகும் சாலையில், ஏரிக்கரையை ஒட்டி, கைவிடப்பட்ட ஒரு மயானம்

[அடித்தாயிற்று. ஏன் என்று பிறகு.]

இரண்டாவது முயற்சி:

ஆழ்ந்த மௌனம் அந்த ஊரின் மேல்

[இதுவும் வேண்டாம். எங்கள் பக்கத்தில் மௌனம் கிடையாது. டவுன் பஸ் ஹாரன்தான் உண்டு.]

மூன்றாவது:

வெங்கடேசன் முன்பு காலி மனை விற்றார். இப்போது சூன்யம் விற்கிறார்.

இது இருக்கட்டும். தொழில் ஒன்றுதான், பத்திரப் பதிவு மட்டும் இல்லை.

2

வெங்கடேசனின் ‘வஜ்ர வெளி தியான நிலையம்’ நாலு ஏக்கர். அவர் கையிலேயே விற்காமல் தங்கிப்போன மனைகள் அவை. அங்கே பத்து நாள் பேசாமல் உட்கார்ந்தால் பௌத்த தாந்திரிக ரகசியங்கள் கிடைக்கும். அதற்கான ஆங்கிலக் கையேட்டைத் தமிழாக்கும் வேலை எனக்கு வந்தது. மருந்துச் சீட்டும் காப்பீட்டுப் படிவமும் மொழிபெயர்த்துப் பிழைக்கிறவன் நான். “அட்டையில உங்க பேரு பெருசா வரும் சார்” என்றார் வெங்கடேசன். என் ஒரே சிறுகதைத் தொகுப்பு வந்து பதினோரு வருடம் ஆகிறது. உடனே ஒப்புக்கொண்டேன்.

கையேடு வந்த வழியைச் சொல்ல வேண்டும். திபெத்தில் யாரோ செய்த தியானம். நூறு வருடத்துக்கு முன்பு லண்டனில் சில கனவான்கள், திபெத் பக்கமே போகாமல், அதோடு தங்கள் சூட்சும உடல்களையும் மறைந்து வாழும் குருமார்களையும் சேர்த்துக் கலக்கினார்கள். அது கலிபோர்னியா போய்ச் சக்கரத்துக்கு ஒன்றாக வானவில் நிறங்களைப் பூசிக்கொண்டது. பிறகு பிடிஎஃப் ஆகி, உத்திரமேரூர் பஜாரில் ரஹமத்துல்லாவின் ஜெராக்ஸ் கடையில் ஸ்பைரல் பைண்டிங் போடப்பட்டு, என் மேசைக்கு வந்தது. இத்தனை ஊர் சுற்றிய பிறகு அதன் பெயர் ‘தூய கீழை ஞானம்’.

என் முதல் விபத்து துண்டுப் பிரசுரத்தில் நடந்தது. ‘பத்தே நாளில் சூன்யம் கைகூடும்’ என்று எழுதினேன்.* மறுவாரம் புள்ளலூரிலிருந்து ஒரு தம்பதி வந்து, பங்காளிக்கு வைக்க எவ்வளவு நாள் ஆகும் என்று விசாரித்தார்கள்.

* ‘வெறுமை’ என்று போட்டிருக்கலாம். வெறுமைக்கு யார் சார் வருவாங்க என்றார் வெங்கடேசன்.

இதுவரை சிரிப்பான கதை. இப்படியே முடிந்திருந்தால் எனக்கும் நல்லது.

3

கையேட்டின் ஒன்பதாம் அத்தியாயம் மயான தியானம். யோகி பிணங்களுக்கு நடுவே உட்கார்ந்து, தன் உடலையே வெட்டிப் பேய்களுக்குப் படைப்பதாகக் கற்பனை செய்ய வேண்டும். ‘நான்’ என்பது அறுந்துபோகுமாம். வெங்கடேசனுக்கு இந்த அத்தியாயம் மிகவும் பிடித்துவிட்டது.

ஊர்ச் சுடுகாட்டைக் கேட்டால் ஊரே திரண்டு அடிக்க வரும். எனவே காலனிக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஊராட்சிக்கு ஒரு மனு தயாரித்தார். காம்பவுண்டு சுவர், தரையில் டைல்ஸ், சோலார் விளக்கு, வெஸ்டர்ன் டாய்லெட், எல்லாம் திட்டத்தில் இருந்தன. ஒரே நிபந்தனை, இனிமேல் அங்கே யாரையும் புதைக்கக் கூடாது.

அந்த ஆங்கில மனுவையும் நான்தான் தமிழாக்கினேன். மூலத்தில் ‘தற்போது பயன்பாட்டில் இல்லாத’ என்ற பொருளில் சப்பையாக ஒரு சொல் இருந்தது. எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். ‘கைவிடப்பட்ட மயானம்’ என்று எழுதினேன். சத்தம் நன்றாக இருந்தது. வண்டியில் போனால் கால் மணி நேரம். நேரில் போய்ப் பார்த்திருக்கலாம். நான் போகவில்லை.

டைப் அடித்த ரஹமத்துல்லா திரும்பிப் பார்த்தார்.

“இன்னா சார் இது, எங்க கபர்ஸ்தானுக்கு செவுரு கேட்டு பத்து வருசமா மனு குடுத்துக்கினு கீறோம். ஒரு செங்கல் வரல. இவருக்கு டாய்லெட்டோட வருதா?”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

4

இந்த இடத்தில் ஒரு பாத்திரம் தேவை. செவ்வந்தியை முதலில் அழுகிற பெண்ணாக எழுதினேன். நம்பும்படியாக இல்லை, அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. (அந்த வரைவில் வெங்கடேசன் ‘அவர்’, செவ்வந்தி ‘அவள்’. படித்துப் பார்த்துத் திருத்தினேன். கை தானாகவே அப்படி எழுதியிருந்தது.)

செவ்வந்தி காலனியிலிருந்து வந்து நிலையத்தில் சமைக்கிறார். நடவு இல்லாத நாளில் கிடைத்த வேலை. கையேட்டின் கடைசிப் பக்கங்களைக் கொடுக்கப் போன அன்று, அரிசி களைந்துகொண்டே கேட்டார்.

“சார், வெள்ளிக்கயிறு வெள்ளிக்கயிறுன்னு பேசிக்கினு கீறாங்களே, அது இன்னா?”

விளக்கினேன். உடம்பையும் சூட்சும உடம்பையும் ஒரு வெள்ளிக்கயிறு கட்டியிருக்கிறது. அது அறுந்தால் மரணம். திபெத்திய ஞானிகள் பொத்திக் காத்த ரகசியம்.

“இத்தானா ரகசியம்? எங்க பாஸ்டரு ஒவ்வொரு சாவுக்கும் இத்தான் படிக்கிறாரு. கயிறு அறுந்துபூடும், மண்ணு மண்ணுக்கே போவும்னு. எங்க வூட்டுக்காரருக்கும் படிச்சாரு. இதுக்கா பத்து நாளு வாய மூடிக்கினு குந்திகீறாங்க?”

லண்டன் கனவான்கள் சிறுவயதில் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பைபிளிலிருந்து கேட்டதைத் திபெத்தின் தலையில் கட்டியிருக்கிறார்கள். இருநூறு பக்கம் மொழிபெயர்த்த எனக்கு அது உறைக்கவில்லை. வெட்கமாக இருந்தது. அதைக் கதைக்குப் பயன்படுத்தலாம் என்றும் தோன்றியது. இரண்டையும் சொல்லிவிட்டேன்.

அரிசியை உலையில் போட்டுவிட்டு அவர் என் பக்கம் திரும்பினார்.

“அந்த மனு நீங்க எழுதனதுதானே? கைவுட்ட எடம்னு?”

“மொழிபெயர்த்தேன்.”

“போய்ப் பாத்தீங்களா?”

கொண்டுபோன பக்கங்களை எடுத்து மறுபடி அடுக்கினேன்.

“எங்க வூட்டுக்காரரு அங்கதான் கீறாரு. மூட்ட லாரிலேர்ந்து வியுந்து செத்தாரு. செலுவையில அருள்தாஸ்னு பேரு எழுதிகீது. பக்கத்துல எனக்கு எடம் வுட்டு வெச்சிகீறேன். கல்லறத் திருநாளு வந்தா முள்ளு வெட்டி சுண்ணாம்பு அடிப்போம். அதுக்கு முன்ன வந்து மனுவுக்கு போட்டோ புடிச்சா பொதராத்தான் தெரியும். யாரு கைவுட்டது? நான் வுட்டனா? நீ சொல்லு.”

(கவனியுங்கள், ‘நீங்க’ ‘நீ’ ஆகிவிட்டது. எனக்குக் கிடைத்த நேர்மையான விமர்சனம் அது ஒன்றுதான்.)

5

முடிவுகள் கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. மயானத்தில் கண்மூடி உட்கார்ந்த வெங்கடேசனுக்கு ஞானம் பிறக்கிறது. மனுவைக் கிழித்துப் போடுகிறார். [மனை விற்றவர். வாய்ப்பில்லை.]

ஆ. உடலை வெட்டிப் படைத்ததும் பேய்கள் நிஜமாகவே வருகின்றன. அருள்தாஸ் தலைமையில். [எழுதச் சந்தோஷமாக இருந்தது. செவ்வந்தியிடம் சொன்னேன். “அவரு உசுரோட கீறப்பவே யாரையும் பயமுறுத்தனது இல்ல, சார்” என்றார். ‘சார்’ மட்டும் திரும்பியிருந்தது.]

இ. நான் மனம் திருந்தி [வேண்டாம். எச்சரித்திருந்தேன்.]

மூன்றையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு எடுக்கலாம், எங்கள் ஊருக்கு அது புதிதில்லை. ஆனால் ஊராட்சி அலுவலகச் சுவரில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். ஆட்சேபணை இருந்தால் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்தில் தர வேண்டும். செவ்வந்தி என்னிடம் கேட்டது கதையை அல்ல, அந்தக் கடிதத்தை.

நேற்று முதன்முறையாக அங்கே போனேன். முள் இருந்தது. முள்ளுக்குள் முப்பத்தேழு சிலுவைகள் இருந்தன. அருள்தாஸுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் படுக்கும் அளவுக்கு மண் மட்டும் புல்லில்லாமல் சுத்தமாக இருந்தது. யாரோ அடிக்கடி வந்து செதுக்குகிறார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

இன்று வெள்ளி. ரஹமத்துல்லாவின் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். கடிதம் முடிந்துவிட்டது, ஒரு வாக்கியம் தவிர:

‘மேற்படி மயானம் கைவிடப்பட்டது என்று மனுவில் எழுதிய _____________ என்பவர், அந்த இடத்தை அதற்கு முன் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை.’

இந்த வரியில் பெயர் வந்தால் கையேட்டின் அட்டையில் வராது. இந்த வரி இல்லாவிட்டால், காலனிக்காரர்கள் இல்லாததைச் சொல்கிறார்கள் என்று வெங்கடேசன் கிளம்புவார், என் நல்ல தமிழைச் சாட்சியாக நீட்டுவார்.

மணி நாலே முக்கால். செவ்வந்தி கடை வாசலில் நிற்கிறார், உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை. ரஹமத்துல்லா கீபோர்டில் கை வைத்தபடி கேட்கிறார்.

“பேரு அடிக்கட்டுமா சார், சும்மா கோடு வுட்ருட்டுமா?”

இந்தக் கதையில் எல்லோருக்கும் பெயர் இருக்கிறது. இறந்துபோன அருள்தாஸுக்குக்கூட. என் பெயர் மட்டும் எங்கேயும் வரவில்லை என்பதை நீங்கள் எப்போது கவனித்தீர்கள்?