வாயில் வராத மழை

எங்கள் சின்ன வானொலி நிலையத்தில் அன்று காலையிலேயே சண்டை. ட்ஸோமோ ஆறு வற்றி ஏழு மாதம் ஆகியிருந்தது. மாடுகள் எலும்பும் தோலுமாக நின்றன. மத்தியானம் மழை வரும் என்று தகவல் வந்தது. அதை வாசிக்க வேண்டியவள் நோஸிபெலே, கல்யாணமாகி இரண்டே மாதம் ஆனவள். அவள் மாமனார் பெயர் ம்வுலானே. எங்கள் கோசா மொழியில் மழைக்கு இம்வுலா என்று பெயர். மாமனார் பெயரின் ஒலி எங்கே வந்தாலும் மருமகள் அதை வாயில் வைக்க மாட்டாள்.

"இம்வுலான்னு சொல்லாம மழைச் செய்தியா?" என்று குதித்தார் மேலாளர் சிவிவே. ஜோகன்னஸ்பர்க்கில் படித்த மிடுக்கு அவருக்கு. "ஜனங்களுக்குப் புரியலன்னா நாளைலேர்ந்து நீ வர வேணாம்மா!"

"புரியும் சார். கேக்கறவங்க எங்க ஊர்க்காரங்கதானே?"

என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்னண்ணே சொல்றீங்க?"

ஒலிக்கருவியைப் பார்த்துக்கொள்பவன் நான். "வாசி தங்கச்சி" என்றேன்.

சிவப்பு விளக்கு எரிந்தது.

"அம்மாமாரே, ஐயாமாரே, மேலேயிருந்து நனைக்கிறது மத்தியானம் நம்ம வீட்டுக்கு வருது. ஏழு மாசமா வழி பார்த்தோமே, அதேதான். கூரைக்குக் கீழ பாத்திரம் வைங்க."

எனக்குப் புல்லரித்தது. ஒரு ஒலியைத் தொடாமலிருக்க எங்கள் பெண்கள் மொழிக்குள்ளேயே இன்னொரு மொழி கட்டி வைத்திருக்கிறார்கள். வேறு யாரிடம் இருக்கிறது இந்தச் சொத்து?

வாசித்து முடித்ததும் தொலைபேசி அலறியது. "பார்த்தியா, திட்டத்தான் கூப்பிடுறாங்க" என்று சிவிவே அதை எங்களுக்கும் கேட்கும்படி வைத்தார்.

"ம்வுலானே பேசறேன்" என்றது கிழக்குரல். "எங்க தெருவுல வாளி, பீப்பாய், குழந்தை குளிக்கிற தொட்டி வரைக்கும் வாசல்ல வச்சாச்சு. வாசிச்சது யாருன்னு தெரியுமாய்யா? என் மருமக!"

நோஸிபெலே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். சிவிவே தொலைபேசியை மெதுவாக வைத்தார்.

ஒன்றரை மணிக்குத் தகரக் கூரை தடதடவென்று அதிர்ந்தது. சிவிவே ஜன்னலுக்கு ஓடினார். "இம்..." என்று கத்த ஆரம்பித்தவர், அவளைத் திரும்பிப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

"வந்துடுச்சும்மா," என்றார், "மேலேயிருந்து நனைக்கிறது."