பட்டாளத்துக்குத் தேடப்பட்ட இமோமோ

எனக்கு முன்னால் ராத்திரியில் பிறந்த இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. நான் பிறந்தது நடுப்பகலில். அதனால் கோயிலில் எனக்கு இமோமோ என்று பெயர் வைத்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள். எங்கள் அரமேய மொழியில் அதற்குப் பகல்பொழுது என்று அர்த்தம்.

துருக்கியில் எங்கள் மித்யாத் நகரப் பதிவு அலுவலகத்தில் துருக்கிப் பெயரைத்தான் எழுதுவார்கள். என் அப்பா லஹ்தோ தன்னைப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைப்பவர். பகலுக்குத் துருக்கி மொழியில் உள்ள சொல்லையே எழுதச் சொன்னார்: குந்தூஸ். அது பெரும்பாலும் ஆண்களுக்கு வைக்கும் பெயர். குமாஸ்தா ஒன்றும் கேட்காமல், பெண் குழந்தையான எனக்கு ‘ஆண்’ என்று எழுதினான். துருக்கி படிக்கத் தெரியாத அப்பா காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்தார். அரசாங்கத்தை ஏமாற்றிவிட்டதாக இருபது வருஷம் ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஸ்வீடனில் வேலை பார்க்கும் ஷாபோ லீவில் வந்து என்னைக் கல்யாணத்துக்கு நிச்சயம் செய்தான். எனக்கு அவனை ரொம்பப் பிடித்திருந்தது. அவனோடு போகப் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அரசாங்கக் கணக்கில் குந்தூஸ், ஆண்கள் எல்லோரும் கட்டாயம் போக வேண்டிய பட்டாளத்துக்கு வராமல் ஓடி ஒளிந்த ஆள்.

நான்காம் நாள் சார்ஜெண்ட் இரண்டு சிப்பாய்களோடு வந்தார்.

“குந்தூஸ் எங்கய்யா?”

“இந்தா நிக்குதுங்க, என் பொண்ணு.”

“பையனை ஒளிச்சு வெச்சுட்டுப் பொண்ணைக் காட்டுறியா? யாருகிட்ட காது குத்துற?”

“நான்தாங்க குந்தூஸ்,” என்றேன்.

“நீ டீ போடு போ. யோவ், பையன் வர்ற வரைக்கும் நீ ஸ்டேஷன்ல இரு.”

சிப்பாய் அப்பாவின் கையைப் பிடித்தான். போன வருஷம் ஸ்டேஷனுக்குப் போன பக்கத்துவீட்டு மல்கே நொண்டிக்கொண்டு திரும்பியதை அப்பா பார்த்திருக்கிறார்.

“ஐயா, அவன் செத்துட்டாங்க. கைக்குழந்தையிலயே போயிட்டான்.”

“அதை அப்பவே எழுதித் தொலைக்கிறதுக்கு என்ன?”

நான் உயிரோடு நிற்கிறேன் என்று கத்த நினைத்தேன். ஆனால் வாயைத் திறந்தால் அப்பாவை இழுத்துப் போவார்கள். டீயைக் கொண்டுவந்து வைத்தேன். அப்பா என் முகத்தைப் பார்க்காமல் என் சாவுக்குக் கைநாட்டு வைத்தார். சார்ஜெண்ட் இன்னும் கொஞ்சம் சர்க்கரை கேட்டார்.

செத்த குந்தூஸுக்குப் பாஸ்போர்ட் கிடையாது, என்னைப் புதிதாகப் பதிவு செய்ய வழக்குப் போட வேண்டும், வருஷக்கணக்கில் இழுக்கும் என்றார் வக்கீல். ஷாபோவின் லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்தது. பஸ் நிலையத்தில் அவன் அழுதான்.

“பொண்ணு எங்கேன்னு அம்மா கேப்பாங்களே. என்ன சொல்றது?”

“செத்துட்டேன்னு சொல்லுங்க. நம்பலேன்னா எங்கப்பாவைக் கேக்கச் சொல்லுங்க.”