குப்பனூர் ரோட்டில் இறங்கிய வீடு

பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுவாரம், வாழவந்தியில் இருந்த பொன்னுவேலின் வீடு குப்பனூர் ரோட்டில் இரண்டு வளைவு கீழே இறங்கி நின்றது. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த களி ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. ஊரில் யாரும் இதற்காக வாயைப் பிளக்கவில்லை. பிள்ளையைக் காலேஜில் சேர்க்கிற வருஷம் அந்த ஏற்காட்டு மலையில் வீடுகள் இறங்குவது வழக்கம்தான். பெற்றவர்களின் பயம் ஏற ஏற, பிள்ளை போகப்போகிற பக்கமாக வீடு நகரும். பயம் தணிந்ததும் தானாக மேலேறி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்துவிட்டு ஒதுங்கிப் போவார்கள். எஸ்டேட் ரைட்டர் தேவசிகாமணியின் வீடு ஒரு வருஷம் அடிவாரம் வரைக்குமே போய்விட்டது. அவர் மனைவி அங்கேயே கொடி கட்டித் துணி காயப்போட்டாள். மலையைவிட வெயில் நன்றாக இருந்ததாம்.

கணக்கு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆன மரியபுஷ்பத்துக்கு, வீடுகள் அசையாமல் இருந்த காலமும் நினைவில் இருந்தது. அப்போதெல்லாம் கவுன்சலிங்குக்குச் சென்னைக்கே நேரில் போக வேண்டும். நாலைந்து குடும்பங்களைச் சேர்த்துக்கொண்டு சேலம் ஜங்ஷனில் ரயிலேறுவார் அவர். அப்பாக்கள் சர்டிபிகேட் வைத்த மஞ்சள் பையை நெஞ்சோடு அணைத்தபடி தூங்காமல் வருவார்கள். அம்மாக்கள் புளிச்சோற்றைப் பிரித்துப் பெட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் கொடுப்பார்கள். போகும்போது வாயே திறக்காதவர்கள், சீட்டு வாங்கித் திரும்பும்போது காட்பாடி தாண்டுவதற்குள் சம்பந்தி முறை கொண்டாட ஆரம்பித்துவிடுவார்கள். அட, என்ன சந்தோஷம் அது! அந்தப் புளிச்சோற்று வாசனை இப்போதும் அவருக்கு மறக்கவில்லை. பிறகு கவுன்சலிங் கம்ப்யூட்டருக்குள் போய்விட்டது. ஆட்கள் வீட்டோடு உட்கார்ந்தார்கள், வீடுகள் கிளம்ப ஆரம்பித்தன. அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்பது மரியபுஷ்பத்தின் கணக்கு.

அதனால்தான் ஏற்காட்டில் தன் வீட்டு முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டார். ஒவ்வொரு வருஷமும் பிள்ளைகளோடு பெற்றவர்கள் வந்து நிற்பார்கள். வந்தவுடன் கம்ப்யூட்டரைத் தொட விடமாட்டார். "மொதல்ல காப்பி குடிங்க. இது எங்கயும் ஓடிப்போகாது, ஓடறது உங்க ஊடுதான்" என்பார். அழுகிறவர்களை அழவிடுவார். அடுத்த வீட்டுப் பிள்ளையின் மார்க்கை யாராவது இழுத்தால் மட்டும் கெட்ட கோபம் வரும்.

பொன்னுவேல் அவரிடம் படித்தவர்தான். ஆனாலும் டீச்சருக்கு எதற்குச் சிரமம் என்று, மகள் தீபிகாவுக்கு எந்தெந்தக் காலேஜ் வேண்டும் என்பதை பஸ் ஸ்டாண்டுக் கடையில் வைத்துத் தானே வரிசைப்படுத்திவிட்டார். கடைசி நாளும் வந்தது; சாயங்காலம் ஐந்து மணிக்குள் அந்த வரிசையை மாற்றினால்தான் உண்டு. வீடோ குப்பனூரை எட்டப் பார்த்தது. பயந்துபோன அவர் மனைவி வெள்ளையம்மாள் இருவரையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறி மரியபுஷ்பத்திடம் வந்து சேர்ந்தாள்.

காப்பி முடிந்தது. திரையைப் பார்த்த மரியபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். சேலத்துப் பக்கம் இருக்கிற சின்னக் காலேஜ் ஒன்று முதலில் இருந்தது. தீபிகா ஆசைப்பட்ட சென்னைக் காலேஜ் எல்லாவற்றுக்கும் கடைசியில் கிடந்தது. அவள் மார்க்குக்கு அது கட்டாயம் கிடைக்கும்.

"ஏம்ப்பா பொன்னுவேலு, சென்னைய எதுக்குக் கடைசீல போட்ட?"

"எடுத்த எடுப்புலயே பெருசாக் கேட்டா மரியாதையா இருக்குமுங்களா டீச்சர்?"

அந்த ஊர்ப் பழக்கம் அப்படி. பக்கத்துத் தோட்டத்தில் உழவு மாடு இரவல் வேண்டுமென்றால், போய் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார்கள். அப்புறம் கொஞ்சம் வெற்றிலை. மழையைப் பற்றி நாலு வார்த்தை பேசி, எழுந்து கிளம்பும்போதுதான் மாட்டுப் பேச்சு வரும். கொடுக்கிறவருக்கும் அது தெரியும். தண்ணீர் கேட்கும்போதே மாட்டை அவிழ்க்க ஆள் அனுப்பிவிடுவார்.

"இந்தக் கம்ப்யூட்டருக்கு அதெல்லாம் தெரியாதுப்பா. மொதல்ல கேட்டது இருந்தா அதையே குடுத்துரும். தண்ணியக் குடுத்துட்டுக் கதவைச் சாத்திக்கும், நீ மாடு கேக்கவே முடியாது."

வெள்ளையம்மாள் சும்மா இருக்கவில்லை. "மரியாத மட்டுமில்லீங்க டீச்சர். சேலம்னா சாயங்காலம் புள்ள ஊட்டுக்கு வந்துருவாள்ல, அந்த நெனப்புந்தானுங்க" என்று போட்டு உடைத்தாள்.

"புள்ளயக் கண்ணுல பாக்காம எப்படிங்க டீச்சர் இருக்கறது?" என்றார் பொன்னுவேல்.

தைரியம் சொல்லியே பழகிய மரியபுஷ்பத்துக்கு அன்று அது வரவில்லை. மகன் ஜெப்சனைச் சென்னைக்கு அனுப்பிய நாளின் வெறிச்சோடிய சாப்பாட்டு மேஜை கண்முன் வந்தது. "கஷ்டந்தான். நானும் அழுதுக்கிட்டேதான் சோறு தின்னேன். ஆனா சோறு எறங்குச்சு" என்றார். பிறகு தீபிகாவின் பக்கம் திரும்பி, "கண்ணு, நீ வாயத் தொறந்து சொல்லு" என்றார்.

"சென்னைக்குப் போகோணுங்க டீச்சர். நம்ம ஊடு எறங்கி நிக்கறதப் பாத்தா அப்பாகிட்டச் சொல்ல வாய் வரலீங்க."

பொன்னுவேல் நாற்காலியை இழுத்துப் போட்டு, "தள்ளு சாமி, நானே மாத்தறேன்" என்றார். மவுஸ் அவர் கைக்கு அடங்கவில்லை. மகள் தன் கையை அவர் கைமேல் வைத்து நகர்த்தினாள். சென்னை முதலிடத்துக்கு ஏறியது. ஐந்து மணி அடிக்கும்போது அவர்கள் மறுபடி காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இரவு பஸ்ஸில் திரும்பியபோது வீடு வழியில் எங்கும் தென்படவில்லை. வாழவந்தியில் தன் இடத்தில் ஒன்றும் தெரியாததுபோல் இருந்தது.

தீபிகாவுக்குச் சென்னையே கிடைத்தது. அவள் பெட்டியோடு பஸ் ஏறிப் போன மறுநாள் மரியபுஷ்பம் பார்க்க வந்தார். வீடு ஓரடிகூடக் கீழே இறங்கவில்லை. இருந்த இடத்திலேயே மெல்லச் சுற்றி, வாசலை வடகிழக்கே, சென்னைப் பக்கமாக வைத்துக்கொண்டிருந்தது. பொன்னுவேல் பழைய வாசலின் படிக்கல்லைப் பெயர்த்துப் புது வாசலுக்குத் தூக்கி வந்துகொண்டிருந்தார்.

"இது முன்னாடியே சொல்லியிருந்தா நேத்தே மாத்திப் போட்டிருப்பேனுங்க டீச்சர்" என்றார், வீட்டைக் காட்டி.

வெள்ளையம்மாள் அதற்குள் அந்தப் பக்கத்து மண்ணைக் கூட்டித் தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு முடித்திருந்தாள்.