எவர்சில்வர் இடுக்கி

1

இந்தக் கதை பிறந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. சரோஜினி நகர் நடைபாதையில் வாங்கிய புருவ இடுக்கி ஒன்றில் பிறந்தது. வாங்கியவள் சந்திரம்மாள், வாங்கியது புருவம் பிடுங்க அல்ல.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘இந்திய அறிவியல் வரலாற்றில் இன்றைய காலை ஒரு மகத்தான...’

வேண்டாம். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டியவன் நான். இவ்வளவு கனமான வாக்கியத்தைத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்கிறது. கேஸ் சிலிண்டர் தூக்குவதே போதும்.

மறுபடியும் தொடங்குகிறேன். தில்லியில் ஓர் ஆராய்ச்சிக்கூடம். நான் சிலிண்டர் இறக்குகிறேன்; சந்திரம்மாள் ஒப்பந்த வேலைக்காரி. உள்ளே ஓர் எந்திரம் அளந்துகொண்டிருக்கிறது. நான் வராந்தாவில் உட்கார்ந்து சிலிண்டர் ரசீதுகளின் முதுகில் எழுதுகிறேன். எழுத எழுதப் பக்கத்தில் இருக்கும் சந்திரம்மாளுக்குப் படித்தும் காட்டுகிறேன்.

2

மேதா ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸில் வளர்ந்த தமிழ்ப் பெண், இங்கே ஆராய்ச்சியாளர். நகத்தளவு தகட்டின்மேல் கண்ணுக்குத் தெரியாத படலம் ஒன்று செய்கிறாள். கம்ப்யூட்டர் சில்லு செய்கிற வகைப் பொருள், அதற்குள் துளி கோபால்ட். சாதாரண வெப்பத்திலேயே அது காந்தமாகவும் இருந்துவிட்டால், கரண்ட் போனாலும் எதையும் மறக்காத சில்லு செய்யலாமாம். (உலகமே இதைத் தேடுகிறது என்கிறாள். உலகத்தில் பாதியாவது தேடும்.)

படலத்தைக் கழுவி, உலர்த்தி, டப்பியில் போடுவது சந்திரம்மாள். அவள் கை ஆடாது. ஒரே விதி: இரும்பு படக்கூடாது, பிளாஸ்டிக் இடுக்கியால்தான் எடுக்க வேண்டும். அதன் முனை உடைந்தது. புதிதுக்குப் போட்ட விண்ணப்பம், மூன்று கடை விலைப்பட்டியல் இல்லையென்று இரண்டு முறை திரும்பி வந்தது. மேதாவின் வேலை நின்றுபோகுமே என்று சந்திரம்மாள் சரோஜினி நகருக்கு பஸ் ஏறினாள்.

விதி தெரிந்துமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன்.

“எவர்சில்வர் இரும்பாண்ணே? வூட்டு டம்ளர்ல காந்தம் வெச்சுப் பாத்தேன், ஒட்டல. அப்பறந்தான் வாங்குனேன்.”

சோதனை செய்திருக்கிறாள். டம்ளரில்.

3

செவ்வாய்க்கிழமை படலம் காந்தமானது! மேதா நாற்காலியைத் தள்ளிவிட்டுக் குதித்தாள். “சந்திரம்மாக்கா, தேகோ, இங்க பாருங்க! லூப் வந்துடுச்சு!” தோளிலிருந்த சிலிண்டரை இறக்கி வைக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

இன்று வியாழன். பதினொரு மணிக்கு அமைச்சகத்திலிருந்து குழு வருகிறது. புதிய தேசியத் திட்டத்தில் இந்த ஆய்வுக்கு இடம் உண்டா என்று முடிவு செய்வார்கள். இல்லையென்றால் மார்ச்சோடு மேதாவின் ஆய்வு முடிந்தது. சந்திரம்மாளின் வேலையும்.

காலை எட்டரைக்கு மேதா அந்த லூப்பை, அதாவது காந்தம் என்று காட்டும் வளைவை, அச்செடுத்து, “ஃப்ரிட்ஜ்ல ஒட்டுங்கக்கா” என்று கொடுத்தாள். ஒரு கையில் இடுக்கியோடு சந்திரம்மாள் மறு கையால் ஃப்ரிட்ஜ் காந்தத்தை எடுத்தாள்.

டக்.

இடுக்கி காந்தத்தில் ஒட்டிக்கொண்டு நின்றது. டம்ளர் எவர்சில்வர் வேறு, இது வேறு.

[இங்கே ‘அவள் கை நடுங்கியது’ என்று எழுதியிருந்தேன். “கை நடுங்குனா எனக்கு ஏதுண்ணே இந்த வேல? அடிச்சுரு” என்றாள். அடித்துவிட்டேன்.]

இடுக்கியைப் பையில் போட்டுக்கொண்டால் யாருக்கும் தெரியாது. யோசித்தாளா? “ஒரு டீ குடிக்கிற நேரம் யோசிச்சேன். அதையும் எழுதிக்க.”

4

“மேடம், இத்தாலதான் எடுத்துப் போட்டேன்.”

மேதா கண்ணருகே வைத்துப் பார்த்தாள். “அக்கா, இது ஐப்ரோ ப்ளக்கர்!”

“ஆமா மேடம். புதுசுதான்.”

மேதா சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றது. இடுக்கியிலிருந்து ஒட்டிய இரும்புத் துகள் போதும், அந்த வளைவு வர. படலம் காந்தமா, இடுக்கி காந்தமா?

துறைத் தலைவர் பட்டாபி சார் கைக்கடிகாரத்தைத் தட்டினார். “கமிட்டி வர நேரத்துல இதை ஏம்மா கிளறறே? அவா போனப்புறம் அளந்துக்கோ. பாரத்துல ‘எத்தனை வருஷத்துல சந்தைக்கு வரும்’னு கட்டம் இருக்கு. ‘மறுபடி அளந்தேளா’ன்னு கட்டமே கிடையாது.”

“அந்தக் கட்டத்த நாமளே போட்டுக்கலாம் சார்” என்றாள் மேதா.

செவ்வாய்க்கிழமை அளந்த அதே படலத்தில் யாரும் தொடாத துண்டு ஒன்று மிச்சம் இருந்தது. சந்திரம்மாள் அதற்குள் கேன்டீனுக்கு ஓடி, பல்குத்தும் குச்சி இரண்டோடு வந்திருந்தாள். அந்தக் குச்சிகளால் துண்டைத் தூக்கினாள். அப்படியே அளக்கும் எந்திரத்தில் வைத்தாள்.

“அச்சா! ஜல்தி அக்கா!”

5

திரையில் ஒரு புள்ளி நகர்கிறது. மேலே போய்த் திரும்பும். போன தடத்திலேயே திரும்பினால் காந்தம் இல்லை. வேறு தடத்தில் திரும்பினால் உண்டு.

முடிவு அ: வேறு தடம், குழு கைதட்டுகிறது. (சினிமா.)

முடிவு ஆ: அதே தடம், ஆனால் குழுத் தலைவர் நேர்மையை மெச்சி... (அதைவிடப் பெரிய சினிமா.)

முடிவு இ: அதே தடம், குழு சமோசா தின்றுவிட்டுக் கிளம்புகிறது, மார்ச் மாதம் சந்திரம்மாள்

இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை. எது வேண்டும் என்று அவளையே கேட்டேன்.

“நீயா எழுதிட்டா அது அளந்ததாகுமா? வாய மூடிட்டுப் பாருண்ணே.”

பதினொன்றாக ஐந்து நிமிடம். லிஃப்ட் கதவு திறக்கிற சத்தம். உள்ளே மேதா, “திரும்பிடுச்சு, திரும்பிடுச்சு!” என்று கத்துகிறாள், எந்தத் தடத்தில் என்று சொல்லாமல். சந்திரம்மாள் எழுந்து ஓடிவிட்டாள். எனக்கு ரசீதும் தீர்ந்துவிட்டது.

நீங்களும் வாருங்கள். செருப்பை வாசலில் விடுங்கள். இரும்பு ஏதும் வைத்திருந்தால் இந்த மேசைமேல் வைத்துவிட்டு உள்ளே