பெயர் எழுத இடமுள்ள சைக்கிள்

தியாகலிங்கம் கனடாவிலிருந்து வந்திறங்கிய மூன்றாம் நாளே வேலணையில் எல்லாருக்கும் ஒன்று தெரிந்துவிட்டது. மின்சார சைக்கிள் விஷயத்தில் அவருக்குத் தெரியாதது எதுவுமில்லை. முப்பத்தேழு வீடியோ பார்த்திருந்தார். எந்த மோட்டார் மலை ஏறும், எந்த ரயர் பனியில் வழுக்காது என்று கேட்டவர்களுக்கும் கேளாதவர்களுக்கும் சொன்னார். சைக்கிள் ஓடப்போகிற நெடுந்தீவில் மலையும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. அங்கே அவர் கடைசியாகப் போனது எட்டாம் வகுப்புச் சுற்றுலாவில். போன பாதி தூரத்திலேயே பயணிகள் படகான லோஞ்சின் விளிம்பில் தலையைத் தொங்கப்போட்டபடி கிடந்தவர், தீவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

சைக்கிள் ஓடப்போகிறவள் பிரியவதனி. தியாகலிங்கத்தின் மனைவி சீதேவிக்குத் தங்கை. கர்ப்பிணிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற, நெடுந்தீவுக்குப் பொறுப்பான குடும்பநல மருத்துவமாது. வேலணையிலிருந்து ஸ்கூட்டியில் குறிகட்டுவான் துறைக்குப் போவாள். அங்கே ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு லோஞ்சில் ஒரு மணித்தியாலம். அதற்குப் பிறகுதான் வில்லங்கம். தீவின் மேற்குக் கரைக்குப் போகிற வழி முழுக்க முருகைக்கல், கடலில் விளைகிற கூரான கல். பஸ் அந்தப் பக்கம் போகாது. ட்ரக்டர் வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை.

போன மாதம் மேற்குக் கரையில் ஒரு வீட்டுக்கு இரண்டு தடவை போகவேண்டியிருந்தது. இரண்டு தடவையும் ட்ரக்டர் வரவில்லை. மூன்றாம் தடவை போனபோது கர்ப்பிணித் தாய் வலிப்பில் கிடந்தாள். தாயைக் காப்பாற்றிவிட்டார்கள். பிள்ளையைக் காப்பாற்ற முடியவில்லை. இப்போது அதே ஒழுங்கையில், நாலு வீடு தள்ளி, கிறிஸ்ரினா என்ற பெண்ணுக்கு எட்டாம் மாதம். பிறசர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருந்தது. ஒன்றைவிட்டு ஒருநாள் பார்த்தே ஆகவேண்டும்.

ஆகவே பிரியவதனிக்கு வேண்டியது ஒன்றேதான். லோஞ்சில் தன்னோடு ஏறி, தன்னோடு இறங்கி, தன்னைக் கிறிஸ்ரினாவின் வாசலில் கொண்டுபோய்விடுகிற ஒரு வண்டி. மடிக்கிற மின்சார சைக்கிள் என்று ஒன்று வந்திருப்பதை அவள்தான் அக்காவிடம் போனில் சொன்னாள். அக்கா கணவனிடம் சொன்னாள். "அதை நான் பாக்கிறன்" என்றார் அத்தான். அதற்குத் தலையாட்டியது தன் வாழ்நாளில் செய்த பெரிய மடத்தனம் என்று பிரியவதனி பிறகு நினைத்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, யாழ்ப்பாணத்தில் சைக்கிள் விற்கிற றொஜன் தன் சின்ன லொறியில் இரண்டு சைக்கிள்களைக் கொண்டுவந்து முற்றத்தில் இறக்கினான். ஒன்று எருமைக்கன்று மாதிரி. நாலு அங்குல ரயர், தடித்த குழாய், முன்னுக்கும் பின்னுக்கும் குலுக்கம் தாங்குகிற வில்லு. மற்றது மெலிந்தது. நடுத்தர ரயர், நடுவில் ஒரு மடிப்பு.

தியாகலிங்கம் பெரியதில் ஏறி, படலையிலிருந்து தார்க் காப்பெற் போட்ட பெரிய தெருவழியே பாலம் வரைக்கும் போய்த் திரும்பிவந்தார்.

"அலுக்கம் இல்லை, குலுக்கம் இல்லை," என்றார். "கல்லு முள்ளு எல்லாத்தையும் தின்னும்."

"அந்த றோட்டில கல்லு எங்க இருந்தது அத்தான்?" என்று கேட்டாள் பிரியவதனி. அவர் காதில் விழவில்லை. அவள் றொஜனின் பக்கம் திரும்பினாள். "இது எத்தினை கிலோ?"

"கிலோ பாக்கிறதுக்கு இதென்ன உருளைக்கிழங்கே?" என்றார் அத்தான்.

"முப்பத்திமூண்டு அக்கா," என்றான் றொஜன் மெதுவாக. "சின்னன் பதினெட்டு. பற்றறியைக் கழட்டினா பதினைஞ்சு."

"நான் சின்னனை ஓடிப்பாக்கிறன்."

"அது பள்ளிக்கூடப் பிள்ளையள் ஓடுறது," என்றார் அத்தான்.

பிரியவதனி பெரிய தெருப்பக்கம் போகவில்லை. ரயர்களில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் பனங்காணிக்குள் போகிற கல்லொழுங்கையில் விட்டாள். கால்மணித்தியாலம் கழித்து முகமெல்லாம் புழுதியோடு வந்தாள்.

"கை விறைக்குது. சொகுசு எண்டு சொல்லமாட்டன்," என்றாள். "ஆனா போகுது. பிரேக்கும் பிடிக்குது. எனக்கு இது காணும்."

அத்தான் அதற்குள் சட்டைப்பையிலிருந்து அளவுநாடாவை எடுத்துப் பெரிய சைக்கிளின் நடுக்குழாயை அளந்துகொண்டிருந்தார். நீளத்தை அளந்தார், அகலத்தை அளந்தார், கடதாசியில் குறித்தார். கனடாவில் முப்பது வருஷம் இருந்த மனிதர், இரும்பின் பலத்தைப் பார்க்கிறாராக்கும் என்று பிரியவதனி ஒரு நிமிஷம் மரியாதையோடுகூட நினைத்துவிட்டாள். பிறகு அவர் சின்ன சைக்கிளின் குழாயை அளந்தார். நடுவிலிருந்த மடிப்பைத் தடவிப்பார்த்து, தீராத நோயைக் கண்ட வைத்தியர் மாதிரித் தலையை ஆட்டினார்.

"இதில ஏலாது."

"என்ன ஏலாது?"

"ஐயாவின்ர பேர் பிடிக்காது."

அப்போதுதான் விளங்கியது. தியாகலிங்கத்தின் தகப்பன், காலஞ்சென்ற இராசமணி, சமாதான நீதவான். அவருடைய பெயர் ஏற்கெனவே பஸ் தரிப்பிடத்தில் இருந்தது. பள்ளிக்கூடத்து மணிக்கூட்டில் இருந்தது. மணிக்கூடு நின்றுபோய் ஐந்து வருஷம், பெயர் மட்டும் துலக்கமாக இருந்தது. கோயில் மண்டபத்து ரியூப்லைற்றில் அவருடைய பெயரும் பட்டமும் வெளிச்சத்தில் பாதியை மறைத்தன. சுடலைத் தண்ணீர்த்தாங்கியையும் விடவில்லை. உயிரோடு இருந்த காலத்தில், சொந்தக் கிணற்றில் பக்கத்துவீட்டார் ஒரு வாளி அள்ளினாலும் வாசலுக்கு வந்து கத்துகிற மனிதர் அவர். செத்தபிறகு ஊருக்கெல்லாம் தண்ணீர் ஊற்றினார்.

"மாமா இருக்கேக்க நெடுந்தீவுப் பக்கம் காலே வைக்கேல்லையே அத்தான்."

"அதுக்குத்தானே இப்ப போறார்," என்றார் அத்தான், சிரிக்காமல்.

"எண்டால் சின்னனில சுருக்கி எழுதுங்கோ. இராசமணி எண்டு."

"வெறும் இராசமணியோ? பலசரக்குக் கடைக்குப் பேர் வைக்கிற மாதிரியே? சமாதான நீதவானை எங்க விடுறது? 'அமரர்' வேணும், 'ஞாபகார்த்தமாக' வேணும், என்ர பேர் கீழ ஒரு மூலையில எண்டாலும் வேணும். நீர் யோசிச்சுக் கதையும் பிள்ளை."

சீதேவி தங்கையைக் குசினிக்குள் இழுத்துக்கொண்டு போனாள்.

"அவர் தாறதை வாங்கன் வதனி. வந்திருக்கிறதே நாலு கிழமைக்கு. மனுசனைக் குழப்பாத."

"லோஞ்சுக்குள்ள அதை ஆர் அக்கா தூக்கிறது?"

"ஆரும் தூக்குவினம்."

இந்த 'ஆரும்' என்ற ஆளைப் பிரியவதனிக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்தக் குடும்பத்தில் நெல்லுமூட்டையைத் தூக்கியது ஆரும், அலுமாரியை நகர்த்தியது ஆரும், பந்தலுக்குக் கம்பு சுமந்ததும் ஆரும்தான். ஒரு பொருளின் பாரம் என்னவென்று கையால் அறிந்த ஒருவர்கூட இந்த வீட்டில் இல்லை. அதனால்தான் முப்பத்தேழு வீடியோ பார்த்த மனிதருக்குச் சைக்கிளை ஒருதரம் தூக்கிப்பார்க்கவேண்டும் என்று தோன்றவில்லை.

அவள் முற்றத்துக்கு வந்தாள்.

"நாளைக்குக் காலமை ரெண்டையும் குறிகட்டுவானுக்குக் கொண்டுவரச் சொல்லுங்கோ அத்தான். லோஞ்சில எது ஏறுதோ அதை எடுப்பம்."

அவர் உடனே சம்மதித்தார். அவ்வளவு கெதியில் சம்மதித்தபோதே அவள் சந்தேகப்பட்டிருக்கவேண்டும்.

திங்கட்கிழமை காலை றொஜன் இரண்டு சைக்கிளையும் துறையில் இறக்கினான். பெரியதன் குழாயில் பளீரென்ற மஞ்சள் எழுத்தில் சமாதான நீதவான் வந்துசேர்ந்திருந்தார். முதல்நாள் பின்னேரமே பெயின்ரரைக் கூப்பிட்டு எழுதுவித்திருந்தார் அத்தான். பெயின்ற் இன்னும் காயவில்லை. அவர் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையோடு நின்றார். போட்டோ எடுக்கச் சீதேவியின் கையில் போன்.

குறிகட்டுவானில் லோஞ்சுகள் கரையோடு ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதில்லை. ஒன்றோடொன்று ஒட்டிக்கட்டப்பட்டு நிற்கும். அன்றைக்கு நெடுந்தீவு லோஞ்ச் மூன்றாவதாக நின்றது. முதல் இரண்டையும் காலால் கடந்துதான் அதற்குள் போகவேண்டும். அதற்கு ஒரு சட்டம் உண்டு. எங்கும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் லோஞ்சில் கயிறு பிடிக்கிற அம்புறோஸுக்கு அது வேதம். அதை அவர் தியாகலிங்கத்துக்கு எடுத்துச்சொன்னார்.

"கையில கொண்டுவந்து ஏத்தினா அது கைச்சாமான். என்னோட வரும். ஏலாட்டிச் சாமான் வள்ளத்தில போடுங்கோ."

"அது எத்தினை மணிக்கு?"

"நிரம்பினாப்போல வெளிக்கிடும். இண்டைக்கோ, நாளைக்கோ, ஆர் கண்டது."

"ஒராளைப் பிடிச்சு ஏத்திவிடும் தம்பி."

"நான் உங்களைவிட ரெண்டு வயசு மூப்பு," என்றார் அம்புறோஸ். "இஞ்ச அவையவையின்ர சாமான் அவையவையின்ர கையில. அந்தா, அந்த அக்கா காஸ் சிலிண்டர் கொண்டு போறா, பாருங்கோ."

தியாகலிங்கம் சுற்றிலும் பார்த்தார். ஒருவன் அரிசி மூட்டையைத் தோளில் வைத்திருந்தான். ஒருத்தி தகரத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். அறுபது வருஷமாக அந்தக் குடும்பத்துக்குப் பாரம் தூக்கிய 'ஆரும்' அன்றைக்குத் துறைக்கு வந்திருக்கவில்லை.

"நீங்களே ஒருக்காத் தூக்கிக் காட்டுங்கோ அத்தான்," என்றாள் பிரியவதனி. "நீங்கள் தூக்கினா நானும் தூக்கலாம்தானே."

சீதேவி போனை நீட்டிக்கொண்டிருந்தாள். ஊர் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தான் பெரிய சைக்கிளை நெஞ்சோடு அணைத்துத் தூக்கினார். முதல் லோஞ்சில் கால் வைத்தார். அது நடந்துவிட்டது. இரண்டாவதில் வலதுகாலை வைத்த நேரம் கடல் ஒரு மூச்சு விட்டது. இரண்டு லோஞ்சுக்கும் இடையில் இடைவெளி மெல்ல விரிந்தது. வலதுகால் அங்கே, இடதுகால் இங்கே, நடுவில் வேட்டி. கையில் முப்பத்திமூன்று கிலோவும் தகப்பனாரும்.

"அம்புறோஸ் அண்ணை, பிடியுங்கோ," என்றாள் பிரியவதனி.

அம்புறோஸும் அரிசி மூட்டைக்காரனும் ஆளை ஒருபக்கமும் சைக்கிளை ஒருபக்கமுமாகப் பிடித்துக் கரைக்கு இழுத்தார்கள். அத்தான் மூச்சுவாங்கினார். வெள்ளைச் சட்டையின் நெஞ்சில் 'சமாதான நீதவான்' இடவலம் மாறி மஞ்சளில் பதிந்திருந்தது. அரிசி மூட்டைக்காரன் அதைக் கழுத்தைச் சரித்து வாசித்தான்.

"நல்ல இடத்திலதான் எழுதியிருக்கு," என்றான்.

பிரியவதனி சின்ன சைக்கிளின் பற்றறியைக் கழற்றித் தோள்பைக்குள் வைத்தாள். சைக்கிளை மடித்தாள். தூக்கினாள். இடுப்பில் இடித்தது, மிதி கணைக்காலில் கீறியது. ஆனாலும் முதல் லோஞ்சு, இரண்டாவது, மூன்றாவது. உள்ளே போய் இறக்கிவைத்தாள்.

"கைச்சாமான்," என்றார் அம்புறோஸ்.

"அதை இறக்கும் பிள்ளை," என்று கரையிலிருந்து கத்தினார் அத்தான். "பேர் எழுதாத சாமானுக்கு நான் பொறுப்பில்லை. எனக்குக் கனடாவில எங்கட ஊர்ச் சங்கத்துக்குப் படம் அனுப்பவேணும்."

பிரியவதனி அவரைப் பார்த்தாள். கோபம்கூட வரவில்லை. கோபப்படுவதற்கு எதிரே ஒரு ஆள் இருக்கவேண்டும். அங்கே ஒரு பெயர்ப்பலகைதான் மூச்சுவாங்கிக்கொண்டு நின்றது. இப்படிப்பட்டவரின் தயவுக்காக மூன்று நாள் வாய்பொத்தி நின்றதை நினைக்கத்தான் அவளுக்குக் கூசியது.

"றொஜன்," என்று கூப்பிட்டாள். "என்ர ஸ்கூட்டி அந்த மரத்துக்குக் கீழ நிக்குது. அதை எடுத்துக்கொண்டு எனக்கு இதைத் தாரும். பின்னேரம் வந்து ஸ்கூட்டிப் புத்தகத்தில கையெழுத்து வைக்கிறன்."

றொஜன் ஸ்கூட்டியைப் பார்த்தான். அது சைக்கிளைவிடப் பெறுமதி என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். "ஓம் அக்கா," என்றான். ஸ்கூட்டியின் திறப்பு கைமாறிக் கைமாறிக் கரைக்குப் போனது.

"வதனி, உனக்கென்ன விசரே?" என்றாள் சீதேவி.

"அப்ப இதை என்ன செய்யிறது?" என்றார் அத்தான், மஞ்சள் எழுத்தைக் காட்டி.

"அதில ஆற்ற பேர் இருக்கோ அவரே ஓடட்டும்," என்றாள் பிரியவதனி.

அம்புறோஸ் கயிற்றை அவிழ்த்தார்.

நெடுந்தீவில் இறங்கிப் பற்றறியைப் பூட்டினாள். முருகைக்கல் வழி தன் குணத்தைக் காட்டியது. ஒரு இடத்தில் மணலுக்குள் சில்லுப் புதைந்து இறங்கித் தள்ளினாள். இன்னொரு இடத்தில் பல் அடிபடக் குலுங்கியது. மதிலில்லாத காணிகளைத் தாண்டி, கற்குவியல் வேலிகளைத் தாண்டி, ஒழுங்கைக்குள் திரும்பியபோது மணி பத்து ஆகவில்லை. ட்ரக்டரில் வந்தால் மத்தியானம் ஆகியிருக்கும். அன்றைக்கு ட்ரக்டரும் வரவில்லை.

கிறிஸ்ரினா கட்டிலில் சரிந்திருந்தாள். அவளுடைய மாமியார் றோசம்மா பக்கத்தில் மல்லித்தண்ணியோடு இருந்தாள்.

"ரெண்டு நாளாத் தலையிடி மிஸ்," என்றாள் கிறிஸ்ரினா. "கண்ணுக்குள்ள பூச்சி பறக்குது. நீங்கள் எப்பிடியும் வருவியள் எண்டு இருந்தனான்."

பிரியவதனி பிறசர் பார்த்தாள். நூற்றறுபது. கீழே நூற்றுப்பத்து. நம்பாமல் இன்னொருதரம் பார்த்தாள். அதேதான். உடனே டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னாள். அம்புலன்ஸை அனுப்புவதாகவும், யாழ்ப்பாணம் கொண்டுபோகக் கடற்படைப் படகுக்குச் சொல்வதாகவும் அவர் சொன்னார். அவர் சொன்ன பிறசர் மருந்தை எடுத்துக் கொடுத்தாள்.

"மிஸ், பிள்ளை?" என்றாள் கிறிஸ்ரினா. நாலு வீடு தள்ளி நடந்தது அவளுக்கும் தெரியும்.

"இரும். கேட்டுச் சொல்லுறன்."

பிள்ளையின் இதயத்துடிப்புக் கேட்கிற குழாயை வயிற்றில் வைத்துக் காதை அழுத்தினாள். பையிலிருந்த போன் அடித்தது. நின்றது. மறுபடி அடித்தது.

"அத்தான் எண்டு கிடக்கு மிஸ்," என்றாள் றோசம்மா, எட்டிப்பார்த்து.

"நிப்பாட்டிப்போடுங்கோ. டொக்டர் எடுத்தா மட்டும் தாங்கோ."

றோசம்மா நிறுத்தினாள். அறை அமைதியாயிற்று. பிரியவதனி கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க எண்ணினாள்.

"நூற்றிநாப்பத்திரண்டு," என்றாள். "நல்லாத் துடிக்குது. எழும்பும், உடுப்பை எடுத்து வைப்பம்."

ஒழுங்கையின் முகப்பில் அம்புலன்ஸ் கல்லில் விழுந்தெழும்பி வருகிற சத்தம் கேட்டது.