கூட்டம் முடிந்த பிறகு

கணினியில் நடந்த கூட்டம் முடிந்து, எல்லாரும் விடைபெற்றுக்கொண்டார்கள். நார்வேயின் ஓலசுண்ட் ஊர் மீன் கம்பெனியில் பல வருஷமாகக் கணக்கெழுதும் குன்வோருக்குக் கணினியில் இதுதான் முதல் கூட்டம். மைக்கை அணைக்கப் பழகியிருந்தாள், வெளியேறத்தான் தெரியவில்லை. வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து திரையைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

அப்போது மேலாளர் டோர்ஸ்டைனின் குரல் கேட்டது.

"ராக்ன்ஹில், இந்தக் கம்ப்யூட்டர் வேலைல குன்வோர் தேறுவாளா?"

அவளுக்கு மனசு குளிர்ந்தது. ராக்ன்ஹில் இத்தனை வருஷமும் ஒரே மேஜையில் ரொட்டியைப் பங்குபோட்டுத் தின்ற சிநேகிதி. இதையெல்லாம் சொல்லிக்கொடுப்பவளும் அவள்தான். விட்டுக்கொடுப்பாளா?

"எங்க தேற! எனக்கு ஒரு ஃபைல் அனுப்புடின்னா ஊருக்கே அனுப்பி வைக்கிறா. நேத்து சொல்லிக்கொடுக்கறப்போ கை தூக்குற பொத்தானை அமுக்கிட்டு, நிஜக் கையையும் தூக்கிட்டு உட்கார்ந்திருக்கா!"

இருவரும் சிரித்தார்கள். ராக்ன்ஹில் தொடர்ந்தாள்.

"ஒருத்தரை வேலையை விட்டு நிறுத்தித்தான் ஆகணும்னா, அவளையே நிறுத்திடுங்க. என்னால இனிமே அவளைச் சுமக்க முடியாது."

குன்வோர் மைக்கைத் திறந்தாள்.

"ராக்ன்ஹில்..."

ராக்ன்ஹில்தான் கேட்டாள்.

"குன்வோர்? நீ இன்னும் போகலையா?"

"போகத் தெரியலடி. எந்தப் பொத்தான்னு சொல்லு, போயிடறேன்."

"கீழ பாரு. வலது பக்கம், சிவப்பா இருக்கும்."

எப்போதும்போல் பொறுமையாகத்தான் சொன்னாள். குன்வோரால் அதைத்தான் தாங்க முடியவில்லை.