நூறு துண்டும் ஒரு கழுத்தும்

நகரி ஆந்திராவுக்கா மெட்ராஸுக்கா என்று பெரிய மனிதர்கள் அடித்துக்கொண்டிருந்த வருஷத்தில், நெசவாளி கோவர்த்தனனுக்கு வம்பு ஆதிநாராயணனின் கழுத்திலிருந்து வந்தது.

ஆதிநாராயணன் கரும்பு போடுகிறவர், பால்ய சிநேகிதர், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவர் பிடரியைச் சுற்றிக் கறுப்பாக, தடிப்பாக ஒரு பட்டை விழுந்துவிட்டது. பீர்க்கங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தார், போகவில்லை. பழியைத் தூக்கித் தோளில் கிடந்த கருநீலத் துண்டின் மேல் போட்டார். துண்டு கோவர்த்தனன் நெய்தது. சாயமும் அவர் கையால் போட்டது. சந்தையில் போகிறவர் வருகிறவருக்கெல்லாம் குனிந்து கழுத்தைக் காட்டினார் மகானுபாவர்.

எல்லைப் போராட்டக்காரர்கள் ஊர்வலத்துக்கு அதே கருநீலத்தில் நூறு துண்டு கேட்டிருந்தார்கள். நூறு கழுத்தும் கறுத்தால் யார் பதில் சொல்வது என்று இப்போது இழுத்தார்கள். கோவர்த்தனன் விடவில்லை. அந்தத் துண்டையே பிடுங்கிப் போய், நாலு பேர் பார்க்க அண்டாவில் போட்டுக் கொதிக்கவைத்தார். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது.

"இப்ப இன்னா சொல்ற?"

"இருந்ததெல்லாம் எங்கழுத்துல ஏறிப்பூட்ச்சே, தண்ணியில எப்படி வரும்?" என்றார் ஆதிநாராயணன்.

நாலு பேரும் தலையாட்டினார்கள். இந்த நியாயத்துக்கு எந்தக் கோர்ட்டிலும் பதில் கிடையாது.

மறுநாளே அவரை இழுத்துத் திருப்பதி பஸ்ஸில் ஏற்றினார் கோவர்த்தனன். இது சாயமில்லை என்று ஒரு டாக்டர் வாயால் வரவேண்டும், அவ்வளவுதான்.

தெலுங்கு டாக்டர், தமிழும் பேசினார். கழுத்தைத் தடவிவிட்டுக் கையைத் தூக்கச் சொன்னார். அக்குளிலும் அதே கறுப்பு.

"துண்டை இக்கடயும் போட்டுக்குவாரா?"

கோவர்த்தனனுக்கு வாயெல்லாம் பல். ஆனால் முழங்காலுக்குக் கீழே மூன்று மாதமாக ஆறாத புண்ணைப் பார்த்ததும் டாக்டர் சிரிப்பதை நிறுத்தினார். மூத்திரம் பிடித்துவரச் சொன்னார்.

கண்ணாடிக் குழாயில் நீல மருந்து. அதில் சில சொட்டு விட்டு நெருப்பில் காட்டினார். "நெறம் மாறலன்னா சக்கர லேது. பச்சைன்னா கொஞ்சம். செவப்புன்னா சால ஜாஸ்தி. சக்கர வியாதி வந்தா சில பேருக்குக் கழுத்து இப்படித்தான் கறுக்கும்."

மாறு, மாறு என்று கோவர்த்தனன் மனசுக்குள் கும்பிட்டார். மாறினால் சாயம் தப்பிக்கும். பச்சை வந்தது. சந்தோஷமாக இருந்தது. மஞ்சள் வந்தது. போதும், நின்றுவிடு என்று தோன்றியது. அது நிற்காமல் செங்கல் சிவப்புக்குப் போய்ச் சேர்ந்தது. ஆயுசெல்லாம் சாயத்தொட்டியில் கை வைத்தவர், ஒரு நிறத்தைப் பார்த்து இப்படிப் பயந்ததில்லை.

"பாரு, உஞ்சாயம் உள்ள எறங்கி வெளியவும் வந்துக்கினு கீது" என்றார் ஆதிநாராயணன். குரலில் பழைய தெம்பு இல்லை.

டாக்டர் தினம் ஊசி என்றார், சோற்றைக் குறைக்கச் சொன்னார், வெல்லத்தைத் தொடவே கூடாது என்றார். திரும்பும் பஸ் புத்தூர் தாண்டியது.

"எம்பொண்ணு ருக்மணிக்கு மாப்ள பாத்துக்கினு கீறோம்" என்றார் ஆதிநாராயணன். "நைனாவுக்கு வியாதின்னா வர்றவங்க யோசிப்பாங்க."

கோவர்த்தனன் வீட்டில் ஊர்வலத்துக்கென்று அறுபது துண்டு நெய்து மடித்து வைத்திருந்தது. சாயம்தான் என்றால் அதில் ஒன்றுகூட விலைபோகாது.

"சாயம்னே சொல்லிக்கினு இரு. யாருன்னா கேட்டா நானும் ஆமான்றேன்" என்றார் கோவர்த்தனன். "ஊசிய மட்டும் உடாத போட்டுக்கோ."